மாத்திரை வாசலுக்கு வருகிறது, சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை

சிங்கப்பூரிலிருந்து புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். வயசானவர்கள் சர்க்கரை, பிரஷரை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று இந்தத் தடவை கொஞ்சம் உட்கார்ந்து கவனித்தேன். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்த, வீடு தேடி வந்து மருந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் எங்கள் கடைசித் தெரு வரைக்கும் வந்திருக்கிறது. தன்னார்வலராக வரும் பெண் உள்ளூர்க்காரர். பிரஷர் பார்த்து, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, மாத்திரையைக் கையிலேயே கொடுத்துவிட்டுப் போகிறார். மாத்திரைக்காக பஸ் ஏறி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

மாத்திரை வந்த பிறகு வீட்டுக்குள் நடப்பதுதான் கவலையாக இருக்கிறது.

பெரியம்மாவின் மஞ்சப்பையைக் கொட்டிப் பார்த்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, நிறத்தையும் அளவையும் வைத்துத்தான் கணக்கு. பெரிய வெள்ளை சர்க்கரைக்கு, சின்னது பிரஷருக்கு. ஒரு வேளை விடாமல் போடுகிறார், அந்த ஒழுங்கு நம்மில் பலரிடம் கிடையாது. ஆனால் கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் மாறிவிடுமே. கடைசியாக வந்த பிரஷர் மாத்திரை வேறு நிறம், அதைப் புது மருந்து என்று நினைத்துப் பழசையும் சேர்த்தே போட்டுக்கொண்டிருந்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் இரண்டுமே அம்லோடிபின். அளவு கூடினால் கணுக்கால் வீங்கும் மருந்து அது. வீங்கித்தான் இருந்தது. "வயசாச்சுல்ல தம்பி" என்றார். மறுநாளே டாக்டரிடம் எல்லா அட்டையையும் காட்டி, வேண்டாததை எடுத்துவிட்டோம்.

அப்புறம் வெள்ளிக்கிழமை விரதம். தெருவில் பாதிப் பேர் இருக்கிறார்கள், மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுவிடுகிறார்கள். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைகள் வயிறு காலியாக இருந்தாலும் சர்க்கரையை இறக்கும், 70-க்குக் கீழே போனால் வேர்வை, நடுக்கம், தலைசுற்றல் எல்லாம் வரும். அதை வெயில் என்றும் பித்தம் என்றும் நினைத்துப் படுத்துவிடுகிறார்கள். நினைவு இருக்கும்போதே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும் என்று நான் கேட்ட ஒருவருக்கும் தெரியவில்லை. சர்க்கரை வியாதிக்காரர் எப்படிச் சர்க்கரை சாப்பிடலாம் என்று திருப்பிக் கேட்டார்கள், அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவும் நியாயமான கேள்விதான்.

உப்பும் அப்படித்தான். குறைக்கச் சொன்னார்கள் என்று குழம்பில் குறைத்துவிட்டார் பெரியம்மா. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயும் கருவாடும் உப்புக் கணக்கில் வரும் என்று யாரும் சொல்லவில்லை. மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரை பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதும் யார் காதிலும் விழவில்லை.

சித்தப்பாவின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தபோது எனக்குப் பகீர் என்றது. குதிகாலில் முள் ஒடிந்து உள்ளேயே இருந்து, சுற்றிலும் வெளுத்துப்போயிருக்கிறது. வலியே இல்லை என்றார். வலி இல்லாததுதான் ஆபத்து, நரம்பு மரத்துப்போனால் இப்படித்தான். தினமும் ராத்திரி கால் கழுவியதும் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வயலுக்குச் செருப்போடு போகத்தான் இன்னும் சம்மதிக்கவில்லை.

அந்தத் தன்னார்வலரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. அத்தனை வீடு ஏறி இறங்கி, போனிலும் பதிவு செய்துவிட்டு, எங்கே உட்கார்ந்து விளக்குவார்? வெளிநாட்டில் இருக்கும் நாம் போனில் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்கிறோம், "ஆச்சு" என்ற பதிலோடு முடிந்துவிடுகிறது. வீடியோவில் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், பாதத்தைக் காட்டச் சொல்லுங்கள், கால் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் தமிழ்நாட்டில் 104 என்ற அரசு மருத்துவ ஆலோசனை எண்ணுக்கு அடித்துக் கேட்கலாம் என்பதையும் சொல்லி வையுங்கள்.

மாதம் ஒரு நாள், துணை சுகாதார நிலையத்தில் அரை மணி நேரம், மாத்திரைப் பையோடு எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அக்டோபர் 2 கிராம சபையில் இதைக் கேட்கச் சொல்லி சித்தப்பாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.