முழங்கால் மூட்டா, ஸ்லைடா? முதல் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளின் காப்புரிமைகள்

தோட்டா வெடித்ததும் குழலுக்குள் எழும் அழுத்தம் தணியும்வரை அதன் பின்வாய் இறுக மூடியிருக்க வேண்டும். தணிந்ததும் அது தானாகத் திறந்து வெற்றுறையை வெளியேற்றி, அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். 1890களில் கைத்துப்பாக்கிக்குக் காப்புரிமை கோரிய பொறியாளர்கள் இந்த ஒரே சிக்கலுக்கு வெவ்வேறு விடைகளை எழுதினார்கள்.

ஹியூகோ போர்ஷார்ட் 1893இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்ற பூட்டு, மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியில் ஏற்கெனவே இருந்த முழங்கால் மூட்டு அமைப்பைக் கைத்துப்பாக்கிக்குள் கொண்டுவந்தது. மாக்சிமில் கீழ்நோக்கி மடிந்த மூட்டு இதில் மேல்நோக்கி மடிந்தது. நேராக நீட்டிய காலை எதிரிலிருந்து தள்ளி மடக்க முடியாது. முழங்காலைத் தட்டிவிட்டால் அது எளிதில் மடியும். பூட்டின் தத்துவம் அவ்வளவுதான். ஆனால் மீள்விசைச் சுருள்வில்லை வைத்த கூடு கைப்பிடிக்குப் பின்னால் துருத்தி நின்றதால் துப்பாக்கி கையில் சமநிலையாக அமையவில்லை. கியோர்க் லூகர் அந்த வில்லைக் கைப்பிடிக்குள் இறக்கி, பின்னுதைப்பில் நகரும் மூட்டின் குமிழ்கள் சட்டகத்தின் சரிவில் மோதி மேலெழும்படி செய்தார். 1900இல் சுவிட்சர்லாந்து இந்தத் துப்பாக்கியைத் தன் படைக்கு ஏற்றது. 1908இல் ஜெர்மன் தரைப்படையும் ஏற்றது. போர்ஷார்ட்டின் காப்புரிமையை லூகர் தடையின்றி மேம்படுத்த முடிந்ததற்கு, இருவரின் வடிவங்களும் பெர்லினின் லூட்விக் லோவே குழுமத்துக்குள்ளேயே இருந்தது முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.

அதே குழுமம் பெரும்பங்கு வைத்திருந்த மவுசர் நிறுவனம் வேறு வழியில் சென்றது. ஃபீடர்லே சகோதரர்கள் வடிவமைத்து, பால் மவுசர் பெயரில் காப்புரிமை பெற்ற சி96 துப்பாக்கியில், குழலோடு சேர்ந்து பின்னகரும் பூட்டுக்கட்டை கீழிறங்கி, பின்வாயை மூடும் துண்டான போல்ட்டை விடுவிக்கிறது. கைப்பிடித் தகடுகளைப் பிணைக்கும் திருகைத் தவிர வேறு திருகே இல்லாமல், பாகங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் அந்த இணைப்பு அருமையான கைவேலை. ஆனால் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் கூடு சுடுவிசைக்கு முன்னால் அமைந்ததால் துப்பாக்கி முன்புறம் கனத்தது.

1897 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவில் ஜான் பிரவுனிங் ஒரே நாளில் பெற்ற நான்கு காப்புரிமைகள் வேறு வகையானவை. ஒரு தீர்வை மட்டும் நம்பாமல், பின்வாயைக் கையாளும் பல வழிகளை அவர் ஒரே நேரத்தில் தன்வசமாக்கினார். பூட்டே இல்லாமல் நிறையையும் வில்லையும் மட்டும் நம்பிய வடிவம் பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனத்துக்குச் சென்றது; குழலை இரு இணைப்புத் துண்டுகளால் கீழிறக்கித் திறக்கும் வடிவம் கோல்ட் நிறுவனத்துக்குச் சென்றது. குழலைப் போர்த்தி முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடே போல்ட்டின் வேலையையும் செய்ததால், நகரும் பாகங்களின் எண்ணிக்கை குறைந்தது.

இவ்வடிவங்களுள் லூகருடையதுதான் கண்ணுக்கு இனியது. எனினும் அதன் மூட்டு சரியாக மடிய, பாகங்களின் அளவு நுட்பமாகப் பொருந்தவும் தோட்டாவின் விசை மாறாமல் இருக்கவும் வேண்டும். அந்த நுட்பத்தை உற்பத்திச்சாலையிலும் பிறகு போர்க்களச் சேற்றிலும் காப்பது கடினம் என்பதால், பிரவுனிங்கின் வடிவத்தையே நான் மேலாக மதிப்பிடுகிறேன். 1911 மார்ச்சில் நடந்த அமெரிக்கத் தரைப்படைச் சோதனையில் அவரது துப்பாக்கி 6,000 தோட்டாக்களைத் தடங்கலின்றிச் சுட்டது. அதற்குள் குழலைக் கீழிறக்கும் இரு இணைப்புத் துண்டுகள் ஒன்றாகக் குறைந்திருந்தன. எஃப்என் 1935இல் வெளியிட்ட துப்பாக்கியில் அந்த ஒன்றும் நீங்கி, குழலின் அடியில் வெட்டப்பட்ட சரிவே அந்த வேலையைச் செய்தது.