நான்கு வருடம் ஏ.எஃப்.எம்.மில் வெசிக்கிள் அழுத்திப் பார்த்த அனுபவம்

ஏ.எஃப்.எம். என்பது அணுவிசை நுண்ணோக்கி: கேன்டிலீவர் என்ற வளையும் சிறு தகட்டின் முனையில் உள்ள கூர்மையான நுனியால் பொருளைத் தொட்டு, அழுத்தி அளக்கும் கருவி. பழுதுக்குப் போயிருந்த அதன் ஸ்கேனர், அதாவது நகர்த்தும் பாகம், போன வாரம்தான் திரும்பி வந்தது. அதே வாரம் எங்கள் லேபில் முன்பு இருந்த தம்பி ஒருவர் போன் செய்தார். "அக்கா, நாங்களும் ஒரு ஏ.எஃப்.எம். வாங்கலாம்னு இருக்கோம். எக்ஸோசோம் எவ்வளவு விறைப்பா இருக்குன்னு அளக்க சரியா வருமா?" எக்ஸோசோம் என்பது உடலின் செல்கள் வெளியே விடும் நுண்ணிய சவ்வுப் பை, ஒரு வகை வெசிக்கிள். அப்போது நான் சொன்ன பதிலில் பாதி கோபம். அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

ரெசல்யூஷன், ஸ்கேன் அளவு எல்லாம் விற்பவர்களே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாதது நுனியில் ஏறும் அழுக்கைப் பற்றி.

நாம் அழுத்துவது சுமார் 100 நானோமீட்டர் பை. அதன் சவ்வு முழுக்கக் கொழுப்பும் புரதமும். பத்துப் பையை அழுத்துவதற்குள் அதில் கொஞ்சம் நுனியில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு பதிவாவது பையின் விறைப்பு மட்டுமல்ல, நுனியில் இருக்கும் கொழுப்பும் சேர்ந்துதான். படம் மட்டும் அழகாகவே வரும், அதனால் சந்தேகமே வராது. இரண்டாம் வருடம் மூன்று வாரத் தரவு எனக்கு இப்படிப் போனது. பைகள் நாளுக்கு நாள் மென்மையாகிக்கொண்டே போவதைப் பார்த்து, புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து இரவெல்லாம் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் பை இல்லாத வெற்றுக் கண்ணாடியில் அழுத்திப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நேராக ஏற வேண்டிய விசைக்கோட்டில் (நுனி அழுத்த அழுத்த விசை எப்படி ஏறுகிறது என்று காட்டும் கோடு) 4-5 நானோமீட்டர் அளவுக்கு ஒரு படி. ஒரு கொழுப்புச் சவ்வின் தடிமனே அதுதான்.

அதிலிருந்து ஒவ்வொரு பைக்கும் முன்னும் பின்னும் பக்கத்து வெற்றுக் கண்ணாடியில் ஒருமுறை அழுத்துகிறேன். கோடு நேராக இருந்தால்தான் அந்தப் பை கணக்கில் சேரும். நுனி அழுக்காகிவிட்டால் யூவி-ஓசோனில் (புற ஊதா ஒளியும் ஓசோனும் கொண்டு சுத்தம் செய்யும் கருவி) வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புது கேன்டிலீவர். இத்தனை அவசியமான சோதனையைப் பதிவு செய்ய மென்பொருளில் ஒரு கட்டம்கூட இல்லை. நான்கு வருடமாக நோட்டில்தான் எழுதி வருகிறேன்.

கேன்டிலீவரின் ஸ்பிரிங் எண், அதாவது எவ்வளவு விசைக்கு எவ்வளவு வளையும் என்ற அளவு, பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து நம்ப வேண்டாம், வெப்ப அதிர்வை வைத்து ஒவ்வொன்றையும் அளந்துகொள்ளுங்கள். திரவத்தில் இறக்கிய பிறகு ஒரு மணி நேரமாவது விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் நகர்ந்துகொண்டே இருக்கும். இன்னொன்று, பையைப் பிடித்துவைக்கப் பாலி-லைசின் என்ற ஒட்டும் பொருள் பூசிய பரப்பில் பை ஒட்டும்போது கொஞ்சம் தட்டையாகிறது. அப்படித் தட்டையானால் உள்ளழுத்தம் கூடும், உள்ளதைவிட விறைப்பாகத் தெரியும். ஆகவே உயரம், அகலம், விறைப்பு மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சரி, இத்தனை பாடுபட்டும் ஏன் விடவில்லை? சுத்தமான நுனியால் ஒரு பையை மெல்ல அழுத்தி எடுத்தால் அது பழைய உயரத்துக்கே திரும்பி வரும். இன்னும் பலமாக அழுத்தினால், மேல் சவ்வு கீழ்ச் சவ்வின் மேல் போய்ப் படிந்து, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டும் துளைபடும். கோட்டில் இரண்டு படிகள், அடுத்தடுத்து. முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாதாரண ஒளி நுண்ணோக்கியில் ஒரு புள்ளியாகக்கூடச் சரியாகத் தெரியாத பொருளின் இரண்டு சுவர்களையும் தனித்தனியாகத் தொட்டு உணர்ந்த மாதிரி இருந்தது. கண்ணாடிக் குழாயால் சவ்வை உறிஞ்சி அளக்கும் முறையில் இது நடக்காது, அதற்குப் பல மைக்ரோமீட்டர் அளவுள்ள பெரிய பைகள் வேண்டும்.

பயனும் உண்டு. பரம்பரை ஸ்பீரோசைட்டோசிஸ் (சிவப்பணுக்கள் உருண்டையாகிவிடும் பரம்பரை நோய்) உள்ளவர்களின் சிவப்பணுக்களிலிருந்து வரும் பைகள், மற்றவர்களுடையதைவிட மென்மையானவை என்று 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. அது இதே முறையில் அழுத்தி அளந்த வேலைதான்.

இனி பழுது. திரவம் வைக்கும் சிறு தொட்டியில் ஓ-ரிங் (கசியாமல் அடைக்கும் வளையம்) தேய்ந்து, உப்புத் தண்ணீர் ஸ்கேனருக்குள் கசிந்துவிட்டது. பழுது பார்த்த பொறியாளர் பொறுமையானவர், வேலையும் சுத்தம். ஆனால் உதிரிபாகம் வர பதினொரு வாரம். அதற்குள் உறைய வைத்திருந்த மாதிரிகள் வீணாகி, ஒரு மாணவியின் ஒரு பருவமே போய்விட்டது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அந்த ரிங்கை மாற்ற வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரி இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அதனால் தம்பி, இன்றைக்குக் கேட்டால் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது, ஆனாலும் வேண்டாம். முதலில் உங்கள் மாதிரியோடு இங்கே வாருங்கள். கண்ணாடியை நான் பூசி வைக்கிறேன், கேன்டிலீவர் மட்டும் ஒரு பெட்டி கொண்டுவாருங்கள். புது ஓ-ரிங் போட்டாகிவிட்டது.