பழைய ஆய்வு நூல் வேட்டை: கூகுள் புக்ஸா, ஆர்கைவா, ஹாத்தி ட்ரஸ்டா?

வரலாறு, கலை, பண்பாடு என்று பழைய நூல்களைத் தேடுகிறவர்களில் நிறைய பேர் கூகுள் புக்ஸில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன். இப்போது என் ஓட்டு ஹாத்தி ட்ரஸ்ட் என்ற இணைய நூலகத்துக்கு, ஆனால் படிப்பதற்கு அல்ல, கண்டுபிடிப்பதற்கு.

கூகுள் 2004-ல் பெரிய நூலகங்களோடு சேர்ந்து அவற்றின் நூல்களை ஸ்கேன் செய்யும் வேலையை அறிவித்தது. எங்கேயோ படித்த ஒரு வரி மட்டும் ஞாபகம் இருக்கிறது, எந்த நூல் என்று தெரியவில்லை என்றால் கூகுள் புக்ஸ்தான் வேகம். வெளியான ஆண்டு என்று அது சொல்வதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

ஹாத்தி ட்ரஸ்ட் 2008-ல் பல்கலைக்கழகங்கள் கூடி ஆரம்பித்தது. ஹாத்தி என்றால் இந்தியில் யானை, எதையும் மறக்காத விலங்கு என்பதால் அந்தப் பெயர். வேடிக்கை என்னவென்றால், உள்ளே இருப்பதில் பெரும்பகுதி கூகுள் ஸ்கேன் செய்த அதே பிரதிகள்தான். வித்தியாசம் நூலகர்கள் போட்ட பட்டியலில் இருக்கிறது: பதிப்பு, தொகுதி எண், ஆண்டு, பொருள் தலைப்பு (நூல் எதைப் பற்றியது என்ற குறிப்பு) எல்லாம் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். ஒரு நல்ல நூலின் பொருள் தலைப்பைச் சொடுக்கினால், பேரே கேள்விப்படாத பத்து நூல்கள் வந்து விழும். அதைவிடப் பெரிய விஷயம், காப்புரிமையால் பூட்டிய நூலுக்குள்ளும் தேடலாம். பக்கத்தைக் காட்டாது, ஆனால் உங்கள் சொல் எந்தெந்தப் பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்று சொல்லிவிடும். ஒரு சிற்பியின் பெயர் ஒரு நூலில் நாற்பது பக்கங்களில் வருகிறது என்றால் அந்த நூலைத் தேடி அலையலாம், ஒரே பக்கம் என்றால் விட்டுவிடலாம். பழைய பெயர்களைப் போட்டுத் தேடுங்கள். சயாம் தாய்லாந்து ஆனதே 1939-ல்தான், அதற்கு முந்தைய நூல்களில் புதுப் பெயரைத் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும்.

சரி, கண்டுபிடித்தாயிற்று, படிப்பது? காப்புரிமை தீர்ந்த நூலாகவே இருந்தாலும், ஹாத்தியில் முழுதாக ஒரே கோப்பாக இறக்கப் பல நேரம் உறுப்பு நிறுவனத்தின் லாகின் கேட்கும், நீங்கள் எந்த நாட்டிலிருந்து பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சில நூல்கள் திறக்கவே திறக்காது. இங்கேதான் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச இணைய நூலகம் கைகொடுக்கும். காப்புரிமை தீர்ந்த நூல் என்றால் பிடிஎஃப்பாக அப்படியே இறக்கிக்கொள்ளலாம். இரவல் தரும் பிரிவு மட்டும், பதிப்பகங்கள் போட்ட வழக்குக்குப் பிறகு ரொம்பவே இளைத்துவிட்டது, ஐந்து லட்சம் நூல்கள் போய்விட்டன. ஆர்கைவின் பட்டியலோ பெரிய குழப்பம், யார் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பதால் ஐந்து தொகுதி நூல் ஐந்து மூலையில், தொகுதி எண் இல்லாமல் கிடக்கும். அதனால் நான் ஹாத்தியில் தலைப்பும் பதிப்பகமும் ஆண்டும் குறித்துக்கொண்டு வந்து ஆர்கைவில் தேடுகிறேன்.

கலை நூல்களில் இன்னொரு தலைவலி. கூகுள் ஸ்கேன்களில், அதாவது ஹாத்தியிலும்தான், மடித்து வைத்த வரைபடங்களைப் பல இடங்களில் பிரிக்காமலே படமெடுத்திருப்பார்கள், சில பக்கங்களில் ஸ்கேன் செய்தவரின் விரல்கூட இருக்கும். படத்தட்டுகள், அதாவது தனித் தாளில் அச்சிட்ட படங்கள், முக்கியம் என்றால் முதலில் ஆர்கைவில் வேறொரு நூலகத்தின் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். அருங்காட்சியக வெளியீடு என்றால் இந்த மூன்றையும் விட்டுவிட்டு நேராக அவர்கள் தளத்துக்கே போகலாம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி (Getty) அருங்காட்சியகமும் தங்கள் பழைய நூல்கள் பலவற்றை இலவசமாகவே தருகின்றன. எங்கேயும் இல்லையென்றால் உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டில் போட்டு, அச்சுப் பிரதி எந்த நூலகத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டியதுதான்.