ஜெல்லிக்கு எந்தக் கொய்யா: விதைக் கன்றா, பதியன் கன்றா?

எங்கள் வீட்டுக் கொல்லையில் நான்கு கொய்யா மரங்கள் நிற்கின்றன. மூன்று, விதை போட்டு முளைத்தவை. ஒன்று, நர்சரியில் வாங்கிய லக்னோ 49 என்ற ரகத்தின் பதியன், அதாவது தாய் மரத்தின் கிளையிலேயே வேர் விட வைத்துப் பிரித்தெடுத்த கன்று. நான்கும் 2015 ஆடியில் தொடங்கியவை. பொங்கலுக்குச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஒவ்வொரு வருஷமும் கொய்யா ஜெல்லி போடுகிறேன். புதிதாகக் கன்று வைக்கப் போகிறவர்கள் “எதை வைக்கலாம்?” என்று என்னிடம் கேட்கும்போது, “சாப்பிடவா, ஜெல்லிக்கா?” என்று திருப்பிக் கேட்டுவிடுகிறேன். பதில் அதைப் பொறுத்துத்தான் மாறுகிறது.

சாப்பிட மட்டும் என்றால் பேச்சே வேண்டாம், பதியன் வாங்குங்கள். பழம் பெரிது, சதை வெள்ளை, இனிப்பு. என்ன பழம் வரும் என்று முன்பே தெரியும். இரண்டாம் வருஷமே காய் பார்த்துவிடலாம். எங்கள் பதியன் 2017-ல் காய்த்துவிட்டது. விதைக் கன்றுகள் பூக்கவே 2019 ஆனது. நான்கு வருஷம் இலையை மட்டும் பார்த்துக்கொண்டு தண்ணீர் ஊற்றுவது எல்லோராலும் முடியாது.

ஆனால் பாட்டிலில் போட்டு ஒருவர் கையில் கொடுக்க வேண்டும் என்றால், நான் விதைக் கொய்யா பக்கம். ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் விதை. அம்மா வீட்டில் ஒரு நாட்டுக் கொய்யா இருந்தது. உள்ளே சிவப்பு, சின்னப் பழம், வாய் நிறையக் கொட்டை, நல்ல புளிப்பு. அந்த மரத்தின் முற்றிய பழத்திலிருந்து விதை எடுத்துக் கழுவி, ஒருநாள் ஊற வைத்துப் போட்டேன். கொய்யா விதைக்குத் தோல் கெட்டி, ஊறாமல் போட்டால் நாள் கணக்கில் காக்க வைக்கும். ஊற வைத்தது மூன்று வாரத்தில் முளைத்தது. பத்துக்கு மேல் வந்ததில் திடமான மூன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

தாய் மரம் போலவே பிள்ளையும் இருக்கும் என்று கொய்யாவில் நம்பக் கூடாது. தன் பூவின் மகரந்தத்தாலும் காய்க்கும், பக்கத்து மரத்தின் மகரந்தத்தையும் தேனீ கொண்டுவந்து சேர்த்துவிடும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விதை அப்படிக் கலந்து உண்டானதாக இருக்கும். எலுமிச்சையில் இந்தக் கவலை குறைவு. அதன் ஒரே விதைக்குள் பல கருக்கள் இருக்கும், பெரும்பாலானவை தாய் மரத்தின் திசுவிலிருந்தே உண்டானவை. அதனால்தான் எலுமிச்சையை விதையில் வளர்த்தாலும் பெரும்பாலும் அதே பழம் வருகிறது. கொய்யாவில் என் மூன்று மரமும் மூன்று விதம். ஒன்று அம்மா வீட்டு மரத்தை அப்படியே உரித்து வைத்தது. இரண்டாவது சிவப்புதான், புளிப்பு இன்னும் தூக்கல். மூன்றாவது வெளிறிய சதை, இனிப்பும் இல்லை, புளிப்பும் இல்லை, வெறும் சப்பை. நான்கு வருஷம் வளர்த்த மரம் சப்பையாகக் காய்த்தபோது மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. விதையில் போகிறவர்கள் இந்த நஷ்டத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். இடம் இருந்தால் மூன்று கன்றாவது வையுங்கள். ஒன்றை மட்டும் வைத்துவிட்டு நான்கு வருஷம் காத்திருப்பது வேண்டாம்.

இத்தனைக்கும், நாம் நர்சரியில் கேட்டு வாங்குகிற லக்னோ 49-ம் ஒரு காலத்தில் விதையில் முளைத்த கன்றுதான். புனேயில், கணேஷ்கிண்ட் பழப் பண்ணையில் வளர்த்த விதைக் கன்றுகளில் ஒன்று நன்றாக இருக்கிறது என்று பொறுக்கி எடுத்தார்கள். அதையே பதியன் போட்டுப் போட்டுப் பெருக்கியதுதான் இன்று ஊரெல்லாம் நிற்கிறது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா மிருதுளாவும் அப்படி விதைக் கன்றுகளிலிருந்து எடுத்ததே. விதை போடுவதில் நஷ்டமும் உண்டு, இப்படி ஒரு வாய்ப்பும் உண்டு.

சரி, ஜெல்லிக்கு வருவோம். என் முடிவு முழுக்க இங்கேதான் நிற்கிறது.

ஜெல்லி உறைவதற்கு மூன்று சேர வேண்டும்: பெக்டின் (பழத்தில் இயற்கையாக இருக்கும், சாற்றை உறைய வைக்கும் பொருள்), புளிப்பு, சர்க்கரை. சர்க்கரை கடையில் கிடைக்கிறது. பெக்டின் கொய்யாவிலேயே தாராளமாக இருக்கிறது, அதிலும் முழுதாகப் பழுக்காத செங்காயில்தான் அதிகம். பழுக்கப் பழுக்க அது குறைந்துவிடும். மிச்சம் புளிப்பு. அது குறைந்தால் எவ்வளவு பெக்டின் இருந்தும் பயனில்லை, பாகு பாகாகவே நிற்கும்.

2018 தையில் பதியன் மரத்துச் செங்காயில்தான் முதன்முதலாக ஜெல்லி போட்டேன். அழகாக வடிந்தது, அழகாகக் கொதித்தது, ஆறிய பிறகு பார்த்தால் தேன் மாதிரி ஓடுகிறது. இன்னும் கொதிக்க விட்டால் இறுகும் என்று மறுபடி அடுப்பில் ஏற்றினேன். அது இரண்டாவது தப்பு. அதிக நேரம் கொதித்தால் பெக்டின் சிதைந்துவிடும். கடைசியில் கிடைத்தது கரண்டியில் ஒட்டிக்கொண்டு விடாத ஒரு பசை. ஆறு பாட்டில். ஒன்றைக்கூடக் கொடுக்க முடியவில்லை.

விதை மரங்கள் காய்த்த பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வடித்த சாறு ஒரு டீஸ்பூன், அதில் மூன்று டீஸ்பூன் ஸ்பிரிட் (ஆல்கஹால்) ஊற்றிச் சில நிமிஷம் விட்டால், பெக்டின் நிறைய இருக்கும் சாறு ஒரே கட்டியாகத் திரளும். குறைவாக இருந்தால் சின்னச் சின்னத் துணுக்காக நிற்கும். (அந்தச் சாற்றை வாயில் வைக்கக் கூடாது, உடனே கொட்டிவிட வேண்டும்.) இரண்டு மரத்துச் செங்காய்ச் சாறும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் திரண்டது. ஆக வித்தியாசம் பெக்டினில் இல்லை, புளிப்பில். ஸ்பிரிட் கலக்காத சாற்றை நாக்கில் வைத்தாலே தெரிந்தது.

பதியன் மரத்துக் காய்க்கு எலுமிச்சம்பழம் பிழிந்தால் போதாதா? போதும். கிலோவுக்கு இரண்டு கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்து வேக வைத்தாலும் உறையும். நானும் செய்து பார்த்திருக்கிறேன். எலுமிச்சை சேர்த்தால் கொய்யா வாசனைக்கு மேலே எலுமிச்சை வாசனை ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அமிலம் சேர்த்தால் வாசனை கெடாது, ஆனால் அளவு கொஞ்சம் கூடினாலும் புளிப்பு தனியாகத் தெரிகிறது. விதைக் கொய்யாவில் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. காய், தண்ணீர், சர்க்கரை, அவ்வளவுதான். குழந்தைகள் உள்ள வீட்டுக்குக் கொடுக்கும்போது “இதில் வேறொன்றும் இல்லை” என்று சொல்ல முடிவது எனக்குப் பெரிய விஷயம்.

அப்புறம் கொட்டை. விதைக் கொய்யாவின் பெரிய குறை என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். ஜெல்லிக்கு அந்தக் குறை குறையே இல்லை, எல்லாம் துணியிலேயே தங்கிவிடுகிறது. சின்னப் பழம் என்பதும் அப்படித்தான், எப்படியும் நறுக்கத்தானே போகிறோம்.

நான் செய்யும் முறை இது. மரத்தில் பச்சை மாறி லேசாக மஞ்சள் தட்டும்போதே பறித்துவிடுவேன். ஒரு கிலோ செங்காயை வட்டம் வட்டமாக நறுக்கி, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் வேக விடுவேன். காடாத் துணியில் ஊற்றி இரவு முழுக்கத் தொங்க விடவேண்டும். பிழியக் கூடாது, பிழிந்தால் சாறு கலங்கி ஜெல்லி கண்ணாடி போல வராது. ஒரு டம்ளர் சாற்றுக்கு முக்கால் டம்ளர் சர்க்கரை. ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் சாற்றுக்கு மேல் அடுப்பில் ஏற்றுவதில்லை. அதிகம் ஏற்றினால் கொதிக்கும் நேரம் நீளும், அது பெக்டினுக்கு ஆகாது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் சொட்டுச் சொட்டாக விழாமல் இரண்டு சொட்டு சேர்ந்து ஏடாகத் தொங்கி விழுவதுதான் பதம். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 105 டிகிரி. அது எங்களைப் போலக் கடல் மட்டத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு. கொடைக்கானல் உயரத்தில் தண்ணீரே 93 டிகிரி வாக்கில் கொதித்துவிடும், அங்கே 98-லேயே இறக்க வேண்டும். உங்கள் ஊரில் தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கிறதோ அதற்கு மேல் ஐந்து டிகிரி என்று வைத்துக்கொண்டால் போதும்.

கொதிக்க வைத்த பாட்டிலில் சூட்டோடு ஊற்றி மூடிவிட்டால் கிலோவுக்கு 250 கிராம் பாட்டில் மூன்று கிடைக்கும், சில சமயம் கொஞ்சம் கூடுதலாகவும். சாறு வடியும்போது வெளிர் நிறமாக இருப்பது, சர்க்கரை சேர்ந்து கொதிக்கக் கொதிக்கச் சிவந்து, விளக்குக்கு நேரே பிடித்தால் மாணிக்கம் மாதிரி இருக்கும். திருச்சியில் இருக்கும் நாத்தனாருக்கு முதல் தடவை அனுப்பியபோது போனில், “அண்ணி, இது கடையில வாங்கினதுதானே? உண்மையச் சொல்லுங்க” என்றாள். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்.

மழைக்காலத்துக் காயில் போடாதீர்கள், அது எந்த மரமானாலும். தண்ணீர் கோத்திருக்கும், பழ ஈ முட்டை வைத்திருக்கும், நறுக்கினால் புழு. மழை விட்டு, பனி இறங்கிய பிறகு வரும் காய்தான் வாசனை. அது பொங்கலுக்குச் சரியாக வந்து சேருவது எங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

பராமரிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. மாவுப்பூச்சி இரண்டுக்கும் வரும், வேப்பெண்ணெய் இரண்டுக்கும் கேட்கும். இரண்டுமே புதுத் துளிரில்தான் பூக்கும், அதனால் கவாத்து இரண்டுக்கும் வேண்டும். விதை மரம் உயரமாகப் போகப் பார்க்கும், நுனியைக் கிள்ளி அடக்க வேண்டும். வேரில்தான் வித்தியாசம். பதியனுக்கு ஆணிவேர் கிடையாது, கிளையில் விட்ட சல்லிவேர்தான். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது பதியன் மரம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. முட்டுக் கொடுத்து, மண் அணைத்து, கிளைகளைக் குறைத்துத்தான் காப்பாற்றினோம். விதைக் கன்றுகள் மூன்றும் அசையவில்லை. ஆனால் அப்போது அவை சின்னவை, காற்றுக்கு அவற்றில் பிடிப்பு குறைவு. அதனால் இதை வைத்து ஆணிவேர்தான் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்தப் புயலில் ஆணிவேர் உள்ள பெரிய பெரிய மரங்களும்தான் விழுந்தன. வாடல் நோய் எங்கள் மண்ணில் இதுவரை வரவில்லை, ஆகவே அதை எது தாங்கும் என்று சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை.

பதியன் மரத்தை வெட்டிவிடலாமா என்று ஒரு காலத்தில் யோசித்தேன். வெட்டாததற்குக் காரணம் பெரியவர்கள். ஜெல்லியில் பாதிக்கு மேல் சர்க்கரை. சர்க்கரை வியாதி உள்ள வீட்டுக்கு அதைக் கொண்டுபோய் வைப்பது நியாயம் இல்லை. பெரியப்பாவுக்கும், தெருவில் இரண்டு மூன்று பேருக்கும் பதியன் மரத்துப் பழத்தைத்தான் கூடையில் கொடுத்தனுப்புகிறேன், அவர்களும் அளவோடு சாப்பிடுகிறார்கள். பழமாகக் கொடுக்க அதை மிஞ்ச என் விதை மரங்களால் முடியாது. நன்றாகப் பழுத்துவிட்டதை மசித்து, வடிகட்டி, சர்க்கரையும் கொஞ்சம் நெய்யும் சேர்த்துக் கிளறி அல்வா மாதிரி வில்லை போடவும் அதுதான் சரி. கோவாவில் கிறிஸ்துமஸுக்குச் செய்கிற பெராட் இந்த வகைதான். அதற்குச் சதைப்பற்றுதான் முக்கியம், சல்லடையில் தேய்க்கும்போது விதைக் கொய்யாவில் கொட்டை போக மிஞ்சுவது கொஞ்சம்தான்.

சப்பையாகக் காய்த்த மூன்றாவது மரத்தைப் போன வருஷம் இடுப்பளவுக்கு வெட்டிவிட்டோம். துளிர்த்து வருகிற கிளைகளில் நல்ல மரத்தை ஒட்டுக் கட்டிப் பார்க்க வேண்டும். இன்னும் செய்யவில்லை, எப்படி வரும் என்று பார்க்கலாம்.

புளிப்புத் தூக்கலான இரண்டாவது மரம் இருக்கிறதே, அதில் இந்த மழைக்காலத்தில் நானே பதியன் போட்டேன். பென்சில் கனமுள்ள கிளையில் ஓரங்குலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரமான தென்னைநார்க் கழிவை வைத்து, பாலித்தீன் சுற்றி இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினேன். ஆறு வாரத்தில் பாலித்தீன் வழியாக வெள்ளை வேர் தெரிந்தது. ஐந்து கட்டியதில் மூன்று பிடித்தன. ஒன்று நாத்தனாருக்கு, ஒன்று தங்கைக்கு. இந்தப் பொங்கலுக்கு அவர்களுக்குப் பாட்டிலோடு கன்றும் போகிறது. அவர்கள் நான்கு வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. சப்பையாகிவிடுமோ என்ற பயமும் இல்லை.