கிளப்பா, கல்லூரியா? பந்தாடும் பெண்ணுக்கு எது சரி

வேலூர் நேதாஜி மைதானத்தில் கால்பந்து ஆடும் எங்கள் தெருப் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டாள், இந்திய அணி ஜெர்சிதான் கனவு, வீட்டிலோ தினமும் இதே பேச்சு.

செலவு:
கிளப் – ஒப்பந்தம் கிடைத்தால் தங்குமிடம், சாப்பாடு பெரும்பாலும் அவர்கள் பொறுப்பு.
கல்லூரி – விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணம் குறையலாம். ஷூ நம் காசு.

ஆட்டம்:
கிளப் – இந்திய மகளிர் லீக்கில் தேசிய வீராங்கனைகளோடு மோதலாம், தேர்வாளர்கள் கண்ணிலும் படலாம். 2018-19இல் அந்தப் பட்டத்தை வென்ற சேது எஃப்.சி. நம்ம மதுரை அணிதான். காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு ராத்திரிப் பயணம்.
கல்லூரி – பல்கலைக்கழகப் போட்டிகள். அவ்வளவுதான்.

நிலைப்பு:
கிளப் – லீக் சில மாதம்தான். முழங்கால் தசைநார் கிழிந்தால் ஒரு வருடமே போய்விடும், அப்புறம் ஒப்பந்தம் நீளுமா என்று யாரும் உறுதி தர மாட்டார்கள்.
கல்லூரி – கையில் பட்டம், தகுதி இருந்தால் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீடு. கடலூர்க்காரி இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கும் ஆடினார், தமிழகக் காவல்துறையில் எஸ்.ஐ.யாகவும் இருக்கிறார்.

மாநில அணியில் ஏற்கெனவே இடம் பிடித்தவளென்றால் கிளப், படிப்பைத் தொலைதூரக் கல்வியில் பார்த்துக்கொள்ளலாம். மாவட்ட அளவில்தான் ஆடுகிறாள் என்றால் கல்லூரி. எங்கள் தெருப் பெண்ணுக்கு? இப்போதைக்குக் கல்லூரிதான், அவளுக்குக் கோபம் வந்தாலும் சரி.