பிளைண்ட் ஸ்பாட் சென்சார் பழுது: ஸ்கேனரா, மல்டிமீட்டரா, இடம் மாற்றிப் பார்ப்பதா?

பக்கவாட்டுக் கண்ணாடியில் எரிய வேண்டிய எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. கண்ணாடியில் தெரியாத பக்கவாட்டு மறைவிடத்தில் வரும் வண்டியைக் காட்டும் பிளைண்ட் ஸ்பாட் அமைப்பு வேலை செய்யவில்லை என்று டாஷ்போர்டில் ஒரு வரி வந்து நிற்கிறது. பழுதைத் தேட மூன்று வழிகள் உண்டு. வண்டியின் கணினியோடு பேசும் ஸ்கேனரை மாட்டி, அது பதிந்துவைத்த பழுதுக் குறியீட்டை, அதாவது கோடைப் படிக்கலாம், மல்டிமீட்டரோடு ஒயரைத் தொடரலாம், இல்லையென்றால் இடது வலது சென்சார்களை இடம் மாற்றிப் பார்க்கலாம். என் ஓட்டு மல்டிமீட்டருக்குத்தான். ஆனால் முதலில் கையில் எடுக்க வேண்டியது ஸ்கேனர்.

அமைப்பு எளிதானது. பின்பக்க பம்பரின் இரண்டு மூலைகளிலும் உள்ளே ஒளிந்தபடி ஆளுக்கொரு ரேடார் சென்சார் இருக்கும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் 24 கிகாஹெர்ட்ஸ், புதியவற்றில் 77. ஒவ்வொன்றுக்கும் 12 வோல்ட் சப்ளை, ஒரு எர்த், தகவல் போய்வர கேன் (CAN) எனப்படும் லைனின் கேன் ஹை, கேன் லோ என்று முறுக்கிய இரண்டு ஒயர்கள். பல வண்டிகளில் ஒரு சென்சார்தான் தலைமை. மற்றது அதனோடு மட்டும் தனி லைனில் பேசும். அதனால் தலைமைக்குச் சப்ளை நின்றுபோனால் இரண்டு பக்கமும் ஊமையாகிவிடும்.

ஸ்கேனர் சொல்வதை எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். யு0232 என்று வந்தால் இடதுபக்க சென்சாரோடு தொடர்பு அறுந்தது, யு0233 என்றால் வலதுபக்கம். இதை எழுதிவைப்பது அந்த சென்சார் அல்ல, வண்டியின் இன்னொரு மாட்யூல், அதாவது கட்டுப்பாட்டுக் கணினி. "அவனிடமிருந்து பதில் இல்லை" என்கிற புகார் அது. ஏன் பதில் இல்லை என்பது அதற்குத் தெரியாது. ஃபியூஸ் போயிருக்கலாம், எர்த் விட்டிருக்கலாம், எலி ஒயரைக் கடித்திருக்கலாம். நண்பர் ஒருவர் அந்தக் கோடை மட்டும் நம்பி புது சென்சார் வாங்கி மாட்டிவிட்டார். புதியதும் வாய் திறக்கவில்லை. கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் எர்த் பின்னில் பச்சைக் களிம்பு. அவ்வளவு பணம் வீணானது எனக்கு இன்றும் வருத்தம்.

அதே ஸ்கேனரால் பெரிய உபகாரமும் உண்டு. கண்ணாடி விளக்கை மட்டும் எரியச் சொல்லிக் கட்டளை கொடுத்துப் பாருங்கள். எரிந்தால் விளக்கும் கதவு வழியாகப் போகும் ஒயரும் நன்றாக இருக்கின்றன. எரியாவிட்டால் கதவு கீல் பக்கத்து ரப்பர் குழாய்க்குள் ஒயர் முறிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பம்பரில் கை வைக்க வேண்டாம். கோடு இப்போதையதா பழையதா என்பதையும் ஸ்கேனர்தான் சொல்லும். என்ஜின் கோடு மட்டும் படிக்கும் சின்னக் கருவி இதற்கு உதவாது.

இடம் மாற்றும் வழி ஆசை காட்டும்: பழுது கூடவே போனால் சென்சார், போகாவிட்டால் ஒயர். கேட்க நன்றாக இருக்கிறது. சில வண்டிகளில் கனெக்டரில் ஒரு பின் எர்த்தோடு சேர்ந்திருப்பதை வைத்தே சென்சார் தன் பக்கத்தை அறிந்துகொள்ளும். அங்கே இது பலிக்கும். பக்கம் மென்பொருளில் பதிவாகியிருந்தால் புதிதாக இரண்டு கோடு சேரும், ரேடார் பார்க்கும் கோணத்தையும் மறுபடி சரிபார்க்க வேண்டிவரும். இதைவிட மோசமான ஏமாற்று ஒன்று உண்டு. கனெக்டரைக் கழற்றி மாட்டும்போது பின்கள் உரசிச் சுத்தமாகி, பழுது சில நாள் மறைந்துவிடும். மாற்றியதால் சரியானது என்று நினைத்துக்கொள்வோம். அப்புறம் மழைநாளில் திரும்பி வரும்.

மல்டிமீட்டரையும் சும்மா வைத்துப் பார்த்தால் போதாது. கனெக்டரைக் கழற்றி அளந்தால் ஒரே ஒரு இழையில் தொங்கும் ஒயர்கூட 12 வோல்ட் காட்டும். சுமை கொடுக்க வேண்டும். ஒயர் பக்கத்துக் கனெக்டரின் சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே 21 வாட் பல்பு ஒன்றை இணைத்து அளந்து பாருங்கள். பேட்டரியில் 12.5 இருக்க, பல்பில் 9 என்று காட்டினால் வழியில் எங்கோ மின்னழுத்தம் தொலைகிறது. பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளந்தால் எந்தப் பாதி என்று தெரிந்துவிடும். அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த் பக்கத்தைத் தேடுங்கள். கேன் பின்களில் மட்டும் பல்பை வைத்துவிடாதீர்கள்.

சப்ளையும் எர்த்தும் சரி என்றால் அடுத்து கேன் லைன். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஹைக்கும் லோவுக்கும் இடையே ஓம் பாருங்கள். லைனின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒருபக்கம் அறுந்திருக்கலாம், பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டின் 6, 14ஆம் பின்களில் அளந்துவிட்டு நிம்மதியாகிவிட வேண்டாம். லைன்களைப் பிரித்து இணைக்கும் கேட்வே என்கிற மாட்யூல் நடுவில் இருக்கும் வண்டிகளில் அங்கே தெரிவது வேறு லைன். சென்சார் கனெக்டரிலேயே அளப்பதுதான் நம்பகமானது.

விட்டுவிட்டு வரும் பழுதுக்கு, மின்னழுத்தத்தை அலையாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் சிறந்தது. அது இல்லாவிட்டால் மீட்டரை, மிகக் குறைந்த, மிக அதிக அளவுகளைப் பிடித்துவைக்கும் மின்-மேக்ஸ் (Min-Max) நிலையில் வைத்து, ஒயரை அங்கங்கே அசைத்துப் பார்ப்பதிலேயே நிறைய அகப்படும்.

எந்த மீட்டரிலும் தெரியாத ஒன்று: பம்பரைப் பட்டி பார்த்து கனமாக பெயின்ட் அடித்திருந்தால் ரேடாருக்குக் கண் மறைக்கும். மின்சாரம் எல்லாம் சரியாக இருக்கும், சென்சார் மட்டும் அடைப்பு என்று முறையிடும்.

பம்பரை மூடுமுன் கனெக்டரின் ரப்பர் சீல் கிழியாமல் இருக்கிறதா, பின்கள் இறுக்கமாகப் பிடிக்கின்றனவா என்று பாருங்கள். கோடை அழித்துவிட்டு, மூலைகளில் நன்றாகத் தண்ணீர் அடித்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, மறுபடி ஒருமுறை ஸ்கேனரை மாட்டிப் பாருங்கள்.