போட்டோவின் முதுகில் எழுதுவதா, தனி நோட்டில் எழுதுவதா?

பழைய கம்ப்யூட்டரில் இன்னும் பிகாஸாவை வைத்துக்கொண்டு படம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கூகுள் 2016 மார்ச்சிலேயே அதைக் கைவிட்டுவிட்டது. திறந்தால் திறக்கும், அவ்வளவுதான். அதற்கு மாற்று எது என்று விசாரித்தால் பெரும்பாலும் மூன்று பெயர்கள் காதில் விழும்: கூகுள் போட்டோஸ், அடோபியின் லைட்ரூம் கிளாசிக், இலவசமாகக் கிடைக்கும் டிஜிகேம். எது வேகம், எது அழகு என்று எவ்வளவோ ஒப்பிடலாம். நான் முதலில் பார்ப்பது வேறு. உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் பெயர், ஊர், தேதி எழுதுகிறோமே, அந்த உழைப்பு எங்கே போய்ச் சேருகிறது?

அம்மாவின் ஆல்பத்தில் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் நீல மையில் ‘வள்ளியூர், சின்னக்கா வளைகாப்பு, 1986’ என்கிற மாதிரி எழுதியிருக்கும். படம் யார் கைக்குப் போனாலும் எழுத்தும் கூடவே போகும். அதையே தனி நோட்டில், ‘14-ம் பக்கம், மேலே இடது ஓரம்: சின்னக்கா’ என்று எழுதியிருந்தால், நோட்டு தொலைந்த அன்றே சின்னக்கா யாரோ ஒரு பெண். டிஜிட்டல் படத்துக்கும் இதே இரண்டு வழிதான். ஜேபெக் கோப்புக்குள்ளேயே எக்ஸிஃப், எக்ஸ்எம்பி என்று குறிப்பு எழுத இடம் இருக்கிறது. அங்கே எழுதலாம், அல்லது மென்பொருள் தன் சொந்த நோட்டில் வைத்துக்கொள்ளும்.

கூகுள் போட்டோஸை எடுத்துக்கொள்வோம். தேடுவதில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. நீங்கள் எதுவுமே எழுதாமல் ‘கடற்கரை’, ‘பிறந்தநாள் கேக்’ என்று தேடினால் எடுத்துத் தரும். முகங்களை அதுவே கூட்டம் கூட்டமாகப் பிரித்துவிடும். பெயர் வைப்பது மட்டும்தான் நம் வேலை. ஆனால் எல்லாம் அதன் நோட்டில். வைத்த பெயரோ, அங்கே திருத்திய தேதியோ படத்துக்குள் எழுதப்படுவதில்லை. கூகுளின் டேக்அவுட் வசதி வழியாக மொத்தமாக இறக்கினால் அந்த விவரங்கள் படத்துக்குப் பக்கத்தில் ஜேசன் என்ற தனி எழுத்துக் கோப்பாக வரும். அதைப் படத்தோடு ஒட்டவைப்பது தனி வேலை. இடக் கணக்கும் உண்டு: 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படமெல்லாம் ஜிமெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் பொதுவான 15 ஜிபி இலவச இடத்தில்தான் அடங்க வேண்டும். இன்னொன்று, போனில் இடம் இல்லை என்று அந்தச் செயலிக்குள் போய்ப் படத்தை அழித்தால் மேலே ஏற்றிவைத்த பிரதியும் சேர்ந்து குப்பைத்தொட்டிக்குப் போகும். 60 நாளுக்குள் கவனித்தால் மீட்கலாம். வீட்டில் பெரியவர்கள் கையில் போன் இருந்தால் இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது.

லைட்ரூம் கிளாசிக் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கல்யாணப் படம் எடுப்பவர்கள், கேமரா பிடித்தது அப்படியே இருக்கும் ரா கோப்பில் வேலை செய்பவர்கள் அதை விட்டு நகர மாட்டார்கள், நகரவும் தேவையில்லை. மாதச் சந்தா உண்டு. அதை நிறுத்தினாலும் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். ஒளி, நிறம் திருத்தும் பகுதியும், வரைபடப் பகுதியும் பூட்டிக்கொள்ளும். நாம் எழுதும் குறிச்சொற்களை அது முதலில் ‘கேட்டலாக்’ என்ற தன் நோட்டில்தான் வைக்கும். படத்துக்குள் எழுத வேண்டுமென்றால் அமைப்பில் போய் அதைச் சொல்ல வேண்டும், அல்லது படங்களைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-எஸ் தட்ட வேண்டும். பல வருடம் உழைத்தவர்களில்கூட இதைத் தெரியாதவர்கள் உண்டு. கோப்புறையை வெளியே இருந்து இடம் மாற்றினால் படத்தைக் காணோம் என்று ஆச்சரியக்குறி காட்டும்.

டிஜிகேம் பார்க்க அப்படியொன்றும் லட்சணமாக இருக்காது. பொத்தான்களும் பட்டிகளும் குவிந்து, முதல் நாள் பாத்திரக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். 2001-ல் லினக்ஸுக்காகத் தொடங்கியது. இப்போது விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். எனக்கு அது பிடித்துப்போனது முதல் தடவை திறந்தபோதே. குறிச்சொற்களைப் படக் கோப்புகளுக்குள் எழுதட்டுமா, வேண்டாமா என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுகிறது. ‘எழுது’ என்று சொல்லிவிட்டால் சரி. உங்கள் கோப்புறைதான் அதற்கு ஆல்பம். ‘குடும்பம்’ என்று ஒரு குறிச்சொல், அதற்குக் கீழே ‘அப்பா வழி’, அதற்குக் கீழே ‘பெரியப்பா வீடு’ என்று கிளை பிரித்துக்கொண்டே போகலாம், தமிழிலேயே. முகம் கண்டுபிடிக்கவும் செய்யும், படம் எதுவும் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாமல். கூகுள் அளவுக்குச் சமர்த்து என்று சொல்ல மாட்டேன். உட்கார்ந்து ‘ஆமாம், இல்லை’ சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

என்னை அதோடு கட்டிப்போட்டது ஒரு சின்ன வசதி. வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் எடுத்த தேதி உள்ளே இருக்காது, அனுப்பும்போதே உதிர்ந்துவிடும். ஆனால் ஆண்ட்ராய்டு போனில் சேமித்த கோப்பின் பெயரில் 20190114 என்பது போல வந்த தேதி ஒட்டியிருக்கும். டிஜிகேமில் நேரத்தைத் திருத்தும் கருவிக்குப் போய், ‘கோப்பின் பெயரிலிருந்து எடு’ என்றால், தேர்ந்தெடுத்த அத்தனை படத்துக்கும் அந்தத் தேதியை உள்ளே எழுதிவிடும். தேதியில்லாமல் ஒரே மூட்டையாகக் கிடந்தவை பொங்கல், தீபாவளி என்று வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. ஸ்கேன் செய்த பழைய படங்களுக்கும் அங்கேயே 1986 என்று கையால் போடலாம்.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டும் ஓடுகின்றன. மூலப் படங்கள் டிஜிகேமின் கீழ், இரண்டு ஹார்ட் டிஸ்க்கில். ஒன்று போதும் என்று இருந்தேன். ஒரு நாள் அது ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. பொறுக்கி எடுத்த சில நூறு மட்டும் கூகுள் போட்டோஸில், அத்தைமார்கள் பார்ப்பதற்காக.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வாரமே ஒரு சோதனை செய்துபாருங்கள். ஒரு படத்துக்குக் குறிச்சொல்லாக ஒரு பெயர் எழுதுங்கள், பென் டிரைவில் போட்டு இன்னொருவர் விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகுங்கள். படத்தின் மேல் வலது கிளிக், ‘பிராப்பர்ட்டீஸ்’, அதில் ‘டீடெய்ல்ஸ்’. நான் அக்கா மகன் லேப்டாப்பில் செய்தபோது ‘டேக்ஸ்’ என்ற வரிக்கு எதிரே ‘சின்னக்கா’ என்று இருந்தது.